மாப்பிள்ளையின் எக்ஸெலும் அப்பாவின் தண்ணீர் பாட்டிலும்

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு, அதாவது என் கணவருக்கு, எதையும் எக்ஸெலில் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். 2025 கோடையில் மேட்டூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் நியூஜெர்சிக்கு எங்களிடம் வந்திருந்தார்கள். மகளுக்கு ஸ்கூல் லீவு. "லாஸ் வேகாஸ் வரைக்கும் விமானம், அங்கிருந்து வாடகைக் கார், ஒன்பது நாளில் ஏழு தேசியப் பூங்கா!" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார் மனிதர். மைல் ஒரு கட்டம், பெட்ரோல் ஒரு கட்டம், ஹோட்டல் ஒரு கட்டம். எல்லாம் கலர் கலராக இருந்தது.

அப்பாவுக்கு வயது 72. அம்மாவுக்கு மூட்டுவலி. மகளுக்குப் பத்து. இந்த மூன்று பேரையும் வைத்துக்கொண்டு ஏழு பூங்காவா?

முதலில் வெட்டியது டெத் வேலி. 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. உலகத்தின் அதிகபட்ச வெப்பநிலை என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். கத்திரி வெயிலுக்குத் தப்பித்து அமெரிக்கா வந்தவர்களை அங்கே கூட்டிப் போவது பாவம். அடுத்து ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ். லாஸ் வேகாஸிலிருந்து கிட்டத்தட்ட ஏழு மணி நேர டிரைவ். வரைபடத்தில் ஒரு விரல் அகலம்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். கேபிடல் ரீஃபும் போனது. மிஞ்சியவை ஜயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன். ஆறு இரவு.

"மாமாவுக்கு வேற ஏதாவது ஆசை இருக்கா?" என்று இவர் கேட்டார். அப்பா ரொம்ப யோசித்து, "வழியில ஹூவர் அணை இருக்குமா மாப்பிள்ளை?" என்றார். மேட்டூர் நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் வேறு என்ன கேட்பார்! கடைசி நாளில் அதையும் சேர்த்தோம்.

லாஸ் வேகாஸில் இறங்கியதுமே ஒரு இடி. புக் செய்திருந்த ஏழு சீட் வண்டி இல்லையாம். ஐந்து சீட் வண்டியைத்தான் தந்தார்கள். குக்கர், அரிசி, பருப்புப் பொடி இருந்த பெட்டி என் மடியில் ஏறியது. விமானத்தை விட்டு இறங்கிய அன்றே நீண்ட தூரம் ஓட்டத் திட்டமிடுபவர்கள், வண்டி வாங்க மட்டுமே ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று இரவுக்கும் யூட்டாவில் கனாப் என்ற சின்ன ஊரில் ரூம் எடுத்தோம். ஜயானுக்கும் பிரைஸுக்கும் தினமும் அங்கிருந்தே போய்த் திரும்பலாம். தினம் ஒரு ஹோட்டல் மாற்றி, பெட்டி கட்டி அவிழ்க்கும் தொல்லை இல்லை. ரூமில் மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும் இருந்ததால் அம்மாவின் புளிக்காய்ச்சலுக்கும் வேலை வந்தது.

மறுநாள் ஜயான். கிழக்கு வாசல் வழியாகப் போனால் 1930-ல் திறந்த, ஒரு மைலுக்கும் மேல் நீளமான மலைச் சுரங்கப்பாதை வருகிறது. வெளியே வந்ததும் சிவப்புப் பாறைச் சுவர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. கோடையில் உள் பள்ளத்தாக்குக்குச் சொந்த வண்டி கூடாது. இலவச ஷட்டில் பஸ்தான். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, வர்ஜின் ஆற்றை ஒட்டிய சிமென்ட் பாதையில் நடந்தோம். மகள் தண்ணீரில் காலை விட்டு விளையாடினாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா, லேசா கிறுகிறுன்னு வருது" என்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. எனக்குக் கை நடுங்கியது. அங்கே நின்றிருந்த ரேஞ்சர் பெண்மணி ஓடி வந்தார். நிழலுக்கு நகர்த்தி, ஈரத்துண்டைப் பிடரியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து, உப்பு பிஸ்கட்டைக் கொறிக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் அப்பா தெளிந்தார். அந்த அரை மணியில் நான் வேண்டாத தெய்வமில்லை.

ராத்திரி ரூமில் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள்: "உங்கப்பா காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. குடிச்சா அடிக்கடி பாத்ரூம் போகணும். மாப்பிள்ளைகிட்ட எத்தனை தடவை வண்டிய நிறுத்தச் சொல்றதுன்னு சங்கடம்."

பக்கத்தில் நான் வாங்கிக் கொடுத்த ஒரு லிட்டர் பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தது.

இத்தனை கட்டம் போட்ட எக்ஸெலில் அதற்கு மட்டும் கட்டம் இல்லை. அந்த ஊர்களில் இரண்டு பெட்ரோல் பங்குக்கு நடுவே ஒரு மணி நேரம்கூட வெறும் பாலைவனம்தான். போனில் சிக்னலும் இருக்காது. அதனால் வரைபடத்தை வைஃபை இருக்கும்போதே இறக்கிக்கொண்டு, எந்த ஊரில், எந்தக் காட்சிமுனையில் கழிப்பறை இருக்கிறது என்று அன்று இரவே குறித்தார் இவர். என்னிடம், "மாமாகிட்ட எதுவும் கேட்காதே" என்றார்.

மறுநாளிலிருந்து முக்கால் மணிக்கு ஒரு தடவை, "முதுகு பிடிச்சுக்குது, கொஞ்சம் இறங்கி நிக்கிறேன்" என்று வண்டியை ஓரம் கட்டினார். அப்பாவும் "நானும் காலை நீட்டிட்டு வரேன்" என்று இறங்குவார். பாட்டில் காலியாக ஆரம்பித்தது.

பிரைஸில் வெயில் பயம் இல்லை, உயரம்தான் கவலை. அதன் கடைசிக் காட்சிமுனை 9,115 அடி. நம் தொட்டபெட்டாவைவிட உயரம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதால் அங்கே போகாமல், சன்செட் பாயின்ட்டிலிருந்து சன்ரைஸ் பாயின்ட் வரை உள்ள அரை மைல் சமதளப் பாதையோடு நிறுத்திக்கொண்டோம். கீழே ஆயிரக்கணக்கில் ஆரஞ்சு நிறப் பாறைத் தூண்கள். பாறை விரிசலில் புகுந்த தண்ணீர் ராத்திரி உறைந்து, பகலில் உருகி, திரும்பத் திரும்ப உடைத்துச் செதுக்கியவை. "கோபுரத்துல பொம்மை செய்ய ஆரம்பிச்சு, பாதியில சிற்பி சாப்பிடப் போயிட்ட மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. அவள் சொன்ன பிறகு எனக்கு வேறு எப்படியும் தெரியவில்லை.

நுழைவுக் கட்டணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச பாஸ் தருகிறது. இணையத்தில் எடுத்துத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோனால், ஒரு காரில் வரும் மொத்தக் குடும்பத்துக்கும் அனுமதி. வண்டிக்கு 35 டாலர் வீதம் மூன்று பூங்காவிலும் மிச்சம். ஒவ்வொரு வாசலிலும் மகள் ஜன்னலை இறக்கித் தாளை நீட்டியபோது இருந்த கம்பீரம் தனி. ஆனால் 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு விதி மாறிவிட்டது. அவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாவிட்டால் இந்த மூன்று உட்பட 11 பூங்காக்களில், 16 வயதான ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதல். ஊரிலிருந்து பெற்றோர் வருவதாக இருந்தால், டிக்கெட் போடும்போதே இதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

கனாபிலிருந்து கிராண்ட் கேன்யன் போகும் வழியில் போன் கடிகாரம் பைத்தியம் பிடித்ததுபோல் குதித்தது. கோடையில் யூட்டா ஒரு மணி நேரம் முன்னே. அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. நடுவில் வரும் நவஹோ பழங்குடியினர் பகுதி மாற்றுகிறது. கை வாட்ச்சைத் தொடாமல் இருந்த அம்மாதான் புத்திசாலி.

கிழக்கு வாசலில் டெசர்ட் வியூ. விளிம்பு வரை மரங்கள். திடீரென்று தரை இல்லை. ஒரு மைல் ஆழத்தில் கொலராடோ ஆறு கம்பி போல் கிடக்கிறது. அப்பா பேசவே இல்லை. அங்குள்ள சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயர். கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880-களில் வைத்தவை. இதைச் சொன்னதும் அம்மா, "எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டு" என்று கேட்டு, தோராயமாக ஒரு திசையில் கும்பிட்டுக்கொண்டாள்.

கீழே இறங்கும் பாதைகளை நாங்கள் தொடவில்லை. அடியில் 40 டிகிரியைத் தாண்டும். இறங்குவது சுலபம், ஏறுவதற்குத்தான் ஆள் வேண்டும். விளிம்பை ஒட்டியே ஒரு நடைபாதை இருக்கிறது. அதில் ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் வருடம் என்று கணக்கு. அந்தந்தக் காலத்துப் பாறையை ஓரமாக வைத்திருக்கிறார்கள். மகளும் தாத்தாவும் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து நடந்தார்கள். அம்மா பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து வந்தாள். ரேஞ்சர் முன் கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லி, ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ் வாங்கினாள் மகள்.

கடைசி நாள் ஹூவர் அணை. இரண்டு கோபுரங்களில் இரண்டு கடிகாரம், ஒன்று நெவாடா நேரம், ஒன்று அரிசோனா நேரம். கோடையில் இரண்டும் ஒரே மணி காட்டுகின்றன. "நம்ம மேட்டூர் 1934-ல முடிஞ்சுது. இது 1935. நாமதான் ஒரு வருஷம் சீனியர்" என்றார் அப்பா. நீர் இறங்கியதால் பாறைச் சுவரில் தெரிந்த வெள்ளைக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். 120 அடிக்குத் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே வாழ்ந்தவர் இல்லையா.

ஏர்போர்ட்டுக்குத் திரும்பும் வழியில் பின்சீட்டிலிருந்து அப்பாவின் குரல்: "மாப்பிள்ளை, இன்னிக்கு முதுகு வலிக்கலையா? அதோ ஒரு பெட்ரோல் பங்க் வருது பாருங்க."

இவர் சிரிக்காமல் இண்டிகேட்டரைப் போட்டார்.