வேதக்கார ரீச்சர்

கிறிஸ்தவர்களை ‘வேதக்காரர்’ என்று சொல்வது எமது முதியோரின் வழக்கம். வேதம் தமது உடைமை என்று பெருமைப்பட்ட சைவர்கள், அந்தப் பெயரை மட்டும் இவ்வளவு தாராளமாக அயலவருக்கு விட்டுக்கொடுத்தது எப்படி என்று நான் வியப்பதுண்டு. மட்டக்களப்பில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி வசிக்கும் அக்காவை ஊர் அறிந்ததும் ‘வேதக்கார ரீச்சர்’ என்றுதான். அரச பாடசாலையில் முப்பது வருடங்களுக்கு மேலாக அவர் கற்பித்தது கணிதம். ஆயினும் பெயரைப் பெற்றுக்கொடுத்தது, ஞாயிறு காலையில் ஆலயத்தின் பின்விறாந்தையில் சம்பளமின்றி நடத்திவரும் வகுப்பு.

வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருடம் நிறையுமுன்னரே காலமானவர். மெதடிஸ்த மத்திய கல்லூரி அவரைத் தனது தாபகராகப் போற்றுகிறது. அந்த இருநூறு வருட வரலாற்றின் இந்த முனையில் இருப்பவை, பதினைந்து பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு கரும்பலகை, வர்ணப் பென்சில்கள் நிரம்பிய பிஸ்கற் தகரம். இத்தனைக்கும் மேலாக, ரியூற்றரிகளின் போட்டி. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வருடத்தில் ஐந்தாந்தரப் பிள்ளைகள் ஞாயிறு வகுப்பில் இருந்து மறைந்துவிடுவார்கள். அக்கா அதற்காக எவரையும் கடிந்துகொள்வதில்லை. “கணக்குப் படிக்கத்தானே போறாங்க” என்பார்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பின் அவரைச் சந்திக்க இயலாது. மறுநாளுக்குரிய கதையைத் தனியே இருந்து உரத்துச் சொல்லிப் பார்ப்பார். அவர் வாசிப்பது பழைய வேதாகமம். ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் வழிவந்தது அது. அதற்கு முன்னர், 1850இல் வெளிவந்த பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் உழைத்தார் என்பதை அவருக்கு நான்தான் முதலில் சொன்னேன். “அப்ப உங்கட ஆக்களும் வேதக்காரர்தான்” என்று சிரித்தார். எங்கள் வீட்டுப் பொங்கலைப் படைத்ததா என்று கேளாமல் வாங்கி உண்பவர் அவர்.

இரண்டு ஞாயிறுகள் அவருக்குள் தங்கிவிட்டன. ஒன்று, 2004 டிசம்பர் 26. நத்தாருக்கு மறுநாளான அந்தக் காலையில் கடல் வந்தது. மற்றையது 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நகரின் சீயோன் தேவாலயத்தில் வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்றிருந்த பிள்ளைகளுக்கு அருகே குண்டு வெடித்தது. அக்காவின் ஆலயம் வேறு, சபை வேறு. ஆனால் அதே நகரில், அதே நேரத்தில், அவரும் ஒரு வகுப்பை முடித்துப் பிள்ளைகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பின் அந்தச் செய்தியைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பத்திரிகைக்காரனாகிய நானும் எதுவும் சொல்லவில்லை.

சில வாரங்களின் பின் வகுப்பு மீண்டும் தொடங்கியபோது, வாசலில் பிள்ளைகளின் பைகளைத் திறந்து சோதித்தார்கள். அப்போது அவர் எடுத்த பாடம் நல்ல சமாரியன். லூக்கா பத்தாம் அதிகாரம். கணித ஆசிரியை அல்லவா, கதையை முதலில் அளந்தார்: எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர், ஆயிரம் மீற்றர் இறக்கம், மறைந்திருக்கக் கற்பாறைகள். பின்னர் முடிவில் ஓரிடத்தில் நின்றார். காயப்பட்டவனுக்குப் பிறன் யார் என்று இயேசு கேட்கிறார். நியாயசாஸ்திரியோ இரக்கம் காட்டியவன் என்று சுற்றிவளைத்துச் சொல்கிறான். சமாரியன் என்ற சொல்லை அவன் உச்சரிக்கவேயில்லை. யூதனின் நாவுக்கு அது அவ்வளவு கசப்பு.

“எங்கட ஊரில சமாரியன் ஆர்?” என்று அக்கா கேட்டிருக்கிறார்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி உடனே, “காத்தான்குடி ஆக்கள்” என்றாள்.

தாக்குதலை நடத்திய குழுவின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்பது வாசகர்கள் அறிந்ததே. எமது நகருக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ள அந்த ஊரின் கடைகளுக்குத் தமிழர்கள் போகாமலிருந்த காலம் அது. அன்று மாலையே இரு குடும்பங்கள் அக்காவின் படலைக்கு வந்தன. இந்த நேரத்தில் இந்தப் பாடம் தேவையா என்பது அவர்களின் கேள்வி. அவர்களில் ஒரு தாய் தன் அண்ணனின் பிள்ளையைச் சீயோனில் இழந்தவர். அக்கா வாதிடவில்லை. அந்தத் தாயை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்து, இருட்டும்வரை அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாடத்தை மீளப் பெற்றுக்கொள்வதாகவும் சொல்லவில்லை.

அந்தத் தாயின் மகன் பின்னர் ஒருநாள் வகுப்பில் எழுந்து, தன் மச்சாளை ஆண்டவர் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டான். ஞாயிறு பாடசாலைகளில் இதற்குத் தயாராக உள்ள விடைகளை நான் பல மரணவீடுகளில் கேட்டிருக்கிறேன். அக்கா சொன்னது, “எனக்குத் தெரியா மனே. நானும் ஒவ்வொரு நாளும் அதைத்தான் அவரிட்டக் கேக்கிறன்.”

“பிறகு ஏன் அக்கா ஜெபிக்கிறீங்க?” என்று நான் கேட்டேன்.

“கேக்கிறதுக்கு வேற ஆர் இருக்கினம்?” என்றார்.

வெளியேறிய இரு குடும்பங்களில் ஒன்றின் பிள்ளைகள் திரும்பி வரவேயில்லை. கேள்வி கேட்ட பையன் இப்போது சாதாரண தரம் எழுதிவிட்டு, சிறு பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுக்க வருகிறான். கடந்த வாரம் அக்கா, அச்சகத்தில் மிஞ்சும் பத்திரிகைக் கடதாசிச் சுருள் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார். அடுத்த பாடம் யோனா. மீனை முழு நீளத்துக்கு வரையப்போகிறார்களாம்.