மூடியைத் திறக்கும் கை

காடை முட்டைக்குப் பதினேழு, பதினெட்டு நாள் கணக்கு. அது முடியும் தறுவாயில் இன்குபேட்டருக்குள் 'டிக் டிக்' என்று கேட்கும். 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளைச் சேர்த்தும் பிரித்தும் வைத்துப் பார்த்தார். ஒட்டிக் கிடந்தவை இந்தச் சத்தத்தால் ஒன்றையொன்று உசுப்பி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரித்தன. அடி அண்ணாமலையில் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடின ஊருய்யா இது. தூங்குறவளை எழுப்பிக் கூட்டிட்டுப் போறது நமக்குப் புதுசா?" என்றார்.

அடுத்த கட்டத்தில்தான் நமக்குப் பொறுமை போய்விடும். ஓட்டில் சின்னக் கீறல் விழும், அலகு நுனி தெரியும், அதன்பின் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. 'பாவம், முடியல போல' என்று கை பரபரக்கும். உள்ளே வேலை மும்முரம். இத்தனை நாள் சவ்வின் ரத்தக்குழாய்கள் வழியே வாங்கிய மூச்சைக் குஞ்சு இப்போது நுரையீரலுக்கு மாற்றிக்கொள்கிறது. அந்தக் குழாய்களின் ரத்தம் உடம்புக்குத் திரும்ப வேண்டும்; மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போக வேண்டும். அதற்குள் ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும். குஞ்சின் எடையே ஏழெட்டு கிராம்தான், எவ்வளவு தாங்கும்? போதாக்குறைக்கு, மூடியைத் திறந்ததும் ஈரப்பதம் இறங்கி, அலகு நீட்டிய மற்றக் குஞ்சுகளின் மேலும் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்றுக்கு உதவப்போய் நாலைச் சிக்கவைத்த புண்ணியம் நமக்கு.

உண்மையான ஒத்தாசையெல்லாம் கீறல் விழுமுன்பே முடிந்துவிடுகிறது. கடைசி மூன்று நாள் முட்டையை உருட்டுவதை நிறுத்தி, தண்ணீர்க் கிண்ணம், ஈரப் பஞ்சு வைத்து ஈரப்பதத்தை 65, 70 சதவீதத்துக்கு ஏற்றவேண்டும். எங்கள் பக்கம் சித்திரையில் இது லேசான காரியமில்லை. பாறை மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி கக்கும். பெட்டிக்குள் வேண்டியது 37.5 டிகிரி; அறையே அதைத் தொட்டுவிட்டால் பல்பு அணைந்திருந்தும் பெட்டி சூடேறும். கொஞ்ச நேரக் குளிரை முட்டை பொறுத்துக்கொள்ளும், சூட்டைப் பொறுக்காது.

கைவைத்தே ஆகவேண்டிய குஞ்சும் உண்டு. கீறல் விழுந்து ஒரு நாள் ஓடியும், மற்றவையெல்லாம் பொரித்த பிறகும், வெளுத்து விறைத்த சவ்வுக்குள் கத்திக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பட்ஸ் குச்சியை நனைத்துச் சவ்வைத் தடவினால் அது தெளிந்து குழாய்கள் தெரியும். சிவப்பு ஓடினால் அப்படியே விட்டுவிட வேண்டும். ஓடவில்லையென்றால் அகன்ற முனையில் ஒரு வளையம் மட்டும் நெகிழ்த்திவிட்டு, மிச்சத்தை அது உதைத்து வரட்டும் என்று மூடிவிடுவேன். முழுசாக உரித்துக் கையில் ஏந்துவது குஞ்சைவிட நம் மனசுக்குத்தான் இதம் என்பது என் எண்ணம்.

இந்த ஜப்பானியக் காடை 1974இல் கலிஃபோர்னியாவிலிருந்து இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. முட்டைக்கும் கறிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில் அடைகாக்கும் குணமே போய்விட்டது. பெட்டி இல்லாவிட்டால் வம்சமில்லை.

"அஞ்சு வாரத்துல குழம்புக்குப் போறதுக்கா ராத்திரியெல்லாம் கண்முழிக்கிற?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்பார். கேள்வி நியாயம்தான். ஆனால் அவர் வீட்டுக் கோழி அடையில் உட்கார்ந்துவிட்டால் கூடை பக்கம் ஒரு பிள்ளையைக்கூட அண்டவிடமாட்டார். அந்தக் குஞ்சுகளும் ஆடி மாசக் குழம்புக்குத்தான்.