முப்பதுக்குக் கீழே: சில குறிப்புகள்

அந்தமானில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடுகிறது. காலை 9.15-க்கு மும்பையில் பங்குச் சந்தை திறக்கும்போது போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அதற்கு முன் கிடைக்கும் விடிகாலைதான் சார்ட் பார்க்க நல்ல நேரம். விலை அசையாது, கையும் பரபரக்காது.

*

பக்கத்து வீட்டுத் தம்பி கேட்கிறான்: "அண்ணா, ஆர்எஸ்ஐ 28-க்கு வந்துருச்சு. வாங்கிப் போட்றலாமா?" சந்தைக்குப் புதிதாக வரும் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஆர்எஸ்ஐ என்பது விலையின் ஏற்ற இறக்க வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் எண். அது 30-க்குக் கீழே போனால் 'ஓவர்சோல்ட்' (அளவுக்கு மீறி விற்கப்பட்டது), 70-க்கு மேலே போனால் 'ஓவர்பாட்' (அளவுக்கு மீறி வாங்கப்பட்டது) என்பதுதான் எல்லோரும் முதலில் படிக்கிற பாடம். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

*

ஆர்எஸ்ஐ-யை உருவாக்கியவர் அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர். மெக்கானிக்கல் இன்ஜினியர். 1978-இல் வந்த ஒரே புத்தகத்தில் ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ், ஏடிஆர், பாரபாலிக் எஸ்ஏஆர் என்ற நான்கு காட்டிகளையும் (இண்டிகேட்டர்) கொடுத்தார். இன்று நம் போனில் இருக்கிற பெரும்பாலான சார்ட் செயலிகளில் அவை இருக்கின்றன. ஆர்எஸ்ஐ-யின் அடிப்படை 14 நாளின் சராசரி ஏற்றமும் சராசரி இறக்கமும். நேற்றைய சராசரியை 13-ஆல் பெருக்கி, இன்றைய மாற்றத்தைக் கூட்டி, 14-ஆல் வகுத்தால் இன்றைய சராசரி வந்துவிடும். பழைய விலைகளைத் தேட வேண்டியதில்லை. காகிதமும் பென்சிலும் போதும்.

*

ஒரு முறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். 14 நாளில் ஏறிய நாட்களின் ஏற்றம் மொத்தம் 84 ரூபாய், இறங்கிய நாட்களின் இறக்கம் மொத்தம் 42 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஏற்றம் 6, சராசரி இறக்கம் 3. விகிதம் 2. அதோடு 1 கூட்டினால் 3. 100-ஐ அந்த 3-ஆல் வகுத்தால் 33.3, 100-இலிருந்து கழித்தால் 66.7. அதுதான் ஆர்எஸ்ஐ. பங்கு மலிவா, விலை உயர்ந்ததா என்பது இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. ஏற்றம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு என்ற ஒப்பீடு மட்டும்தான் இருக்கிறது.

*

0, 100 என்ற எல்லைகள் சூத்திரத்துக்கு உரியவை. எண் எல்லையை நெருங்கிவிட்டது என்பதால் விலை நின்றுவிடாது.

*

இன்னொரு கணக்கு. சராசரி ஏற்றம் 2, சராசரி இறக்கம் 6, ஆர்எஸ்ஐ 25. இனி அந்தப் பங்கு ஒரு நாள் 2 ரூபாய் ஏறி, மறுநாள் 2 ரூபாய் இறங்கி, அதே இடத்தில் கிடக்கட்டும். பத்துப் பன்னிரண்டு வர்த்தக நாளில் ஆர்எஸ்ஐ 30-ஐத் தாண்டிவிடும். இப்படியே நீடித்தால் 50-ஐ நெருங்கும். காட்டி மீண்டுவிட்டது, போட்ட காசு மீளவில்லை. '30-ஐத் தாண்டியதும் வாங்கு' என்ற விதியை நம்புகிறவர் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

*

மார்ச் 2020. மார்ச் 9 அன்று நிஃப்டி குறியீடு 10,451-இல் முடிந்தது. தினசரி ஆர்எஸ்ஐ அப்போதே 30-க்குக் கீழே. மார்ச் 23 அன்று முடிவு 7,610. இரண்டே வாரத்தில் 27 சதவீதம் போனது. அந்த 23-ஆம் தேதி காலையில் 10 சதவீதம் விழுந்ததும் சந்தையை 45 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். திறந்த பிறகும் விழுந்தது. "இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது" என்று மார்ச் 9-இல் வாங்கியவருக்குக் காட்டி பொய் சொல்லவில்லை. விற்பனை வேகமாக இருக்கிறது என்று சரியாகத்தான் சொன்னது.

*

ஏறி இறங்கும் இன்னொன்று இங்கே கடல். போர்ட் பிளேரில் (இப்போது அரசு ஏட்டில் ஸ்ரீ விஜயபுரம்) 1880-லேயே கடல் மட்டத்தை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்த நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் ஏறும் என்று அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும். நிலவும் சூரியனும் இழுக்கிற கணக்கு தெரியும், அதனால் முடிகிறது. ஆனால் 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இங்கே நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியது. ஏற்றவற்றம் அதே மாதிரிதான் நடந்தது. அருகிலுள்ள சிப்பிகாட் வயல்களுக்குள் மட்டும் கடல் வந்து தங்கிவிட்டது. நீரின் ஊசலாட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு மாற்றம் தெரிந்திருக்காது. நிலத்தைப் பார்த்தவருக்குத் தெரிந்தது. சந்தையில் அந்த நிலத்துக்குப் பெயர் ட்ரெண்ட், அதாவது நீண்ட போக்கு.

*

ட்ரெண்டின் இந்தப் பாதிப்பைச் சார்ட் ஆய்வாளரான ஆண்ட்ரூ கார்ட்வெல் ஆர்எஸ்ஐ-க்குள்ளேயே காட்டினார். ஏறுமுகச் சந்தையில் ஆர்எஸ்ஐ பெரும்பாலும் 40-க்கும் 80-க்கும் இடையில் உலவும். இறங்குமுகத்தில் 20-க்கும் 60-க்கும் இடையில். ஏறுகிற சந்தையில் 30 வரட்டும் என்று காத்திருப்பவருக்கு வாங்கும் வாய்ப்பே வராமல் போகலாம். இறங்குகிற சந்தையில் 60 வந்தால் அது பலம் அல்ல, பெரும்பாலும் அங்கேதான் மறுபடி விற்பனை தொடங்கும். ஆகவே முதலில் வாராந்திரச் சார்ட்டில் ட்ரெண்ட்; அதற்குப் பிறகுதான் எண்.

*

டைவர்ஜென்ஸ்: விலை புதிய உச்சம் தொடுகிறது, ஆர்எஸ்ஐ பழைய உச்சத்தைத் தொடவில்லை. எனக்கு இந்தக் காட்டியில் மிகவும் பயன்படுவது இதுதான். ஏற்றம் தளர்கிறது என்ற தகவல் அதில் உண்டு. எப்போது திரும்பும் என்ற தகவல் இல்லை. கையில் இருப்பதற்கு ஸ்டாப்லாஸை (நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலையை) நெருக்கி வைக்க அது போதும். விலை விழும் என்று எதிர்த்து ஷார்ட் போகப் போதாது.

*

ஆர்எஸ்ஐ, ஸ்டோகாஸ்டிக், எம்ஏசிடி என்ற மூன்று காட்டிகளும் 'வாங்கு' என்கின்றன என்று மகிழ வேண்டாம். மூன்றும் ஒரே விலையிலிருந்து பிறந்தவை. மூன்று ஆதாரம் ஆகாது. வால்யூமைப் பார்க்கலாம், கம்பெனியின் காலாண்டுக் கணக்கைப் பார்க்கலாம். அவை வேறு இடத்திலிருந்து வரும் செய்தி.

*

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து இங்கே வரும் கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. மற்றத் தீவுகளுக்கான இணைப்பையும் சேர்த்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். அதுவரை செயற்கைக்கோளை நம்பிய தீவில் இன்று ஒரு நிமிடக் கேண்டில் தடையில்லாமல் ஓடுகிறது. நல்லதுதான். ஆனால் ஒரு நிமிடச் சார்ட்டில் ஆர்எஸ்ஐ ஒரே காலையில் பல முறை 30-ஐயும் 70-ஐயும் தொடும். ஒவ்வொன்றையும் அழைப்பாக எடுத்துக்கொண்டால் தரகுக் கட்டணமே ஆளைக் கரைத்துவிடும்.

*

சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு: 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (எஃப்&ஓ) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்களில் ஆர்எஸ்ஐ தெரியாதவர் சிலராகத்தான் இருப்பார்கள். அது எல்லோர் போனிலும் இலவசமாக இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த எண் தனியாக யாருக்கும் லாபம் தந்துவிடாது.

*

தம்பிக்குச் சொன்னது: 28 என்பது பதில் இல்லை, கேள்வி. ஏன் இவ்வளவு வேகமாக விற்கிறார்கள்? வாராந்திரச் சார்ட் ஏறுமுகமா? எந்த விலைக்குக் கீழே போனால் உன் கணிப்பு தப்பு? அந்த விலையில் விற்றால் எவ்வளவு போகும், அதைச் சம்பளத்திலிருந்து தாங்க முடியுமா? நான்குக்கும் காகிதத்தில் பதில் எழுது. ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால் இன்றைக்கு வாங்காதே. கடன் வாங்கிய காசு என்றால் எழுதவே வேண்டாம், சார்ட்டை மூடிவிடு.