தூணைக் காக்கும் வளையம்

அகமதாபாத்தில் குடியேறிய நம்மவர் வீடு வாங்குகையில் விலையையும் தரையழகையும் ஆராய்வர். தூணை ஆராய்வார் அரியர். 2001 ஜனவரி 26-இல் பூஜ் அருகே நிலம் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இந்நகரிலும் பல அடுக்குமாடிகள் வீழ்ந்தன. அவற்றுட் பலவற்றின் கீழ்த்தளம் வண்டி நிறுத்தும் பொருட்டுச் சுவரின்றி விடப்பட்டிருந்தது; அசைவையெல்லாம் கீழ்த் தூண்களே ஏற்க நேர்ந்தது.

தூணின் உறுதி நெடுங்கம்பியில் மட்டுமன்று. அதைச் சுற்றிய ரிங்குகளிலும் உளது. அவை நெருங்கியிருந்து, முனைகள் 135 பாகை மடங்கி உட்புறம் புதைந்திருப்பின், கான்கிரீட் எளிதிற் சிதறாது; கம்பி நெளியாது. 90 பாகையே மடக்கினால் அதிர்ச்சியில் விரிந்துவிடும்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நாம், சேமநிதியை நம்பி வீடு பார்க்கச் சென்றவிடத்து, மேஸ்திரியிடம் முதலில் ரிங்கையே காட்டச் சொன்னோம். அவர் நகைத்தார், எனினும் காட்டினார். கான்கிரீட் ஊற்றியபின் அதனைக் காண்பதரிது. கேட்க நாணற்க, அன்பர்களே!