மகனின் பளுவும் என் வீட்டுத் தரையும்

என் இளைய மகனுக்குப் பளு தூக்கும் பைத்தியம். 2014-ல் கிளாஸ்கோவில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கம்தான் அவனுக்குச் சாமி! கம்பியையும் வட்டுகளையும் கொண்டுவந்து முன்னறையில் இறக்கிவிட்டான். எனக்கோ தரைக் கவலை. என் வீட்டுக்காரர் சவூதியில் பட்ட பாட்டில் போட்ட டைல்ஸ் அது. அடுத்த அறையில் மாமியார் வேறு படுக்கையில் இருக்கிறார்.

"கயிற்றுப் பாயை விரிச்சிரலாம்மா" என்றான். அது வழுக்கும், தூசியும் அடையும். அமுங்குகிற ஃபோம் பாயும் ஆகாது. தலைக்குமேல் 60 கிலோவோடு நிற்கும்போது கால் ஆடினால் இடுப்பு என்ன ஆகும், சொல்லுங்கள்!

"நம்ம விளையிலே ரப்பர் ஷீட் கிடக்கே" என்றார் இவர். ஆசிட் விட்டு உறையவைத்துப் புகையில் உலர்த்திய ஷீட், கருங்கல் வெயிலில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர்தான் பாய்க்கு உதவும்.

கடைசியில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் இரண்டை நெடுக்காகப் போட்டு, மேலே இரண்டைக் குறுக்காகப் போட்டோம். அதன்மேல், கால் நிற்கும் நடுவில் இன்னொரு பலகை. வட்டு விழும் இருபுறமும் அதே கனத்தில் ரப்பர் பாய். பாயை முதலில் இரண்டு நாள் திண்ணையில் காற்றாடப் போட்டேன், நாற்றம் குறைந்தது. துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

டைல்ஸ் தப்பியது. 'தம்' என்ற சத்தம் மட்டும் முழுக்கப் போகவில்லை. "எட்டு மணிக்கு மேலே கம்பியைத் தொடாதே மக்களே, பாட்டி உறங்கட்டும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.