தாம்போதிக்கு அங்கால்

சேனைக்குடியிருப்பு முடிகிற இடத்தில் வீதியின் இரு பக்கமும் வீடுகள் தீர்ந்து வெளி தொடங்கும். அங்கிருந்து கிட்டங்கித் தாம்போதி கூப்பிடு தூரம். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, ஆற்றை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் சவளக்கடைக்குப் போவேன். இன்று தண்ணீர் பாலத்துக்குக் கீழே நல்லபிள்ளையாகக் கிடக்கிறது. ஆற்றுவாழைத் திட்டு ஒன்று, போவதா நிற்பதா என்று தெரியாத மாதிரி, அசைகிறது. முதலை இருக்கிறதென்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் ஆற்றில் இறங்காமல் வாய்க்காலுக்குப் போகிறேன்.

எனக்கு வயது 42. கல்முனைக் கடற்கரையிலிருந்து நடை தூரத்தில் பிறந்து வளர்ந்தவன். நீந்தத் தெரியாது என்பதை இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லாமலே சமாளித்துவிட்டேன். கூட்டாளிமார் குளிக்கப் போனால் நான் உடுப்புக்குக் காவல். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நடுக்கடலில் நிற்பவன் மாதிரிச் சத்தம் போடுவதும் உண்டு. இந்தக் கரையில் என்னைப் போல எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரித்தால் நிறையப் பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பே பதில்.

பழகுவதென்றால் கடல்தான் லேசு. உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடச் சற்றுக் கனம், உடம்பைக் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் கடல் ஓரளவு அடங்கியும் இருக்கும். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உம்மாவிடம் கடலில் இறங்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சவளக்கடையில் மச்சான் ஒருவனின் வயலோரம் ஓடுகிற வாய்க்கால்தான் என் பள்ளிக்கூடம். கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர். சேனாநாயக்க சமுத்திரம் என்கிற குளத்தில் தேங்கிக் கிடந்தது, சிறுபோகத்துக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. வளைவில் நாலு சீமெந்துப் படி இருக்கிறது. கடைசிப் படியில் நின்றால் நெஞ்சளவு. அடி மணல், சேறில்லை. இழுவையும் மெல்லியது. ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டால் அதோடு கூடவே கரையில் ஆறுதலாக நடந்து போகலாம்.

இது பதினோராவது சனிக்கிழமை. முதல் நாள் சாரனோடு இறங்கினேன். காற்று புகுந்து சாரன் குடைபோல விரிந்து, முன்பக்கம் நான் தாழப் பின்பக்கம் அது மிதந்தது. படியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். பிறகு மரியாதைக்காக மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த கிழமை முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கால்சட்டையோடு போனேன்.

முதல் மூன்று கிழமையும் நான் செய்தது பிழை. கையையும் காலையும் அடித்தேன். அடிக்க அடிக்கத் தாழ்ந்தேன். நீச்சல் கையில் இருக்கிறது என்றுதான் கரையில் நின்று பார்ப்பவனுக்குத் தோன்றும். உண்மையில் அது மூக்கில் இருக்கிறது. தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் மூச்சை இறுக்கிப் பிடிக்கிறோம். உள்ளே கரியமிலவாயு ஏற ஏற நெஞ்சு முட்டுகிறது. முட்டியதும் தலையைத் தூக்குகிறோம். தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும், தராசுத் தட்டு மாதிரி. அப்புறம் முழு உடம்பும் செங்குத்து. செங்குத்தாக நின்றபடி நீந்தியவன் யாருமில்லை.

ஆகவே இன்றும் முதல் கால் மணி நேரம் குமிழி விடுவதுதான் வேலை. படியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வைக்கிறேன். மூக்கால் மெல்ல மெல்ல விடுகிறேன். காதுக்குள் சோறு கொதிக்கிற சத்தம். பக்கவாட்டில் வாயைத் திருப்பி இழுக்கிறேன். இருபது தரம். அடுத்தது ஆமை. நெஞ்சு நிறைய மூச்செடுத்து, முழங்காலைக் கட்டிப்பிடித்து, நாடியை நெஞ்சில் சேர்த்துச் சுருண்டுவிட வேண்டும். உடம்பு ஒருசாண் தாழும். அந்த ஒருசாணில்தான் நாற்பது வருடப் பயமும் இருக்கிறது. தாழ்ந்து, நின்று, பிறகு முதுகு தானாக மேலே வரும். வெயில் முதுகில் படுவதை உணர்ந்த அன்று நான் தண்ணீருக்குள்ளேயே சிரித்து மூக்கில் நீர் ஏறிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தார். “மனே, தண்ணியோட சண்டை பிடிக்க ஏலாது. படுத்துக்க.”

“படுத்தா கால் தாழுதே ஐயா.”

“தாழட்டும். தலயத் தூக்காத.”

கால் தாழ்வதற்குக் காரணம் உண்டு. காற்றுப் பை இரண்டும் நெஞ்சுக்குள், எலும்பும் தசையும் கனமாகக் கீழே. கை இரண்டையும் தலைக்கு மேலே நீட்டினால் சமநிலை கொஞ்சம் திரும்பும். இன்று படியை உதைத்துக்கொண்டு அப்படியே நீட்டி வழுக்குகிறேன். கால் மெல்ல அடிக்கிறது. மூன்று மூச்சு. நின்று திரும்பிப் பார்க்கிறேன். ஏழு மீற்றர் இருக்கும். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை 51 மணி நேரத்தில் போய்த் திரும்பிக் கடந்தவர். நான் ஏழு மீற்றரில் மூச்சு வாங்குகிறேன். பரவாயில்லை, கணக்கு தொடங்கிவிட்டது.

மகளுக்கு இதைச் சொன்னபோது, “எனக்கு எங்க வாப்பா?” என்று கேட்டாள். பதில் இல்லை. ஆண்பிள்ளை எந்த வாய்க்காலிலும் குதிக்கலாம். சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையோர முகாம்களில் எடுத்த ஓர் ஆய்வில், பெண்கள் இறந்த விகிதம் ஆண்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சேலையும் நீளமுடியும் மட்டும் காரணமில்லை, யாரும் அவர்களுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கவில்லை. தெற்கே வெலிகமையில் சுனாமிக்குப் பின் பெண்களுக்கென்றே நீச்சல் பழக்கினார்கள். பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் பழக்குங்கள் என்று உமர் (ரழி) பேரில் வழங்குகிற சொல்லை ஜும்ஆவில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் என்றால் பெண்பிள்ளையும்தானே.

எட்டரைக்குத் திரும்பும்போது மறுபடி தாம்போதியில் நிற்கிறேன். மாரியில் சேனாநாயக்க சமுத்திரத்தின் வான்கதவு திறந்தால் இந்த வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். அப்போது கயிறு பிடித்து நடப்பார்கள், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுவார்கள். நானும் ஏறியிருக்கிறேன். 2024 நவம்பர் 26, காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் அப்படி ஓர் உழவு இயந்திரம் கவிழ்ந்துதான் மதரசாப் பிள்ளைகள் போனார்கள்.

நீந்தப் பழகினால் இந்த இடத்தில் பயம் போய்விடும் என்றுதான் தொடங்கினேன். நடந்தது வேறு. பாய்கிற தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றாலே ஆளின் காலை வாரும், ஓரடி உயர்ந்தால் சிறிய காரையும் தூக்கும். முன்பு இதெல்லாம் வெறும் செய்தி. இப்போது வாய்க்காலின் மெல்லிய இழுவையே என்னை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறதென்று உடம்புக்குத் தெரியும்.

ஓரக் கட்டை ஒன்றிலிருந்து அடுத்த கட்டைக்கு ஆற்றுவாழைத் திட்டுப் போகும்வரை எண்ணிப் பார்த்தேன். எண்பது தாண்டியும் பாதி வழிதான். மார்கழியில் எண்ண ஆரம்பிக்கும் முன்பே போய்விடும்.

மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன், மாரி தொடங்கினால் நான் வரமாட்டேன், தண்ணீர் வடியட்டும் என்று. “இப்பதானே நீந்தப் பழகினாய்?” என்றான்.

“அதுக்காகத்தான்” என்றேன்.