பனிமலையில் கொளுத்திய வெயில்

மலை என்றாலே நமக்குக் குளிர்தான் நினைவுக்கு வரும். அதுவும் இமயமலை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் 8000 மீட்டர் உயரத்தில் ஒரு மனிதன் வெயிலில் வதங்கி, ஒரு வாய்த் தண்ணீருக்காகத் தவித்து, ஏறக்குறையச் செத்துப் பிழைத்த கதை ஒன்று உண்டு. அவன் பெயர் ஹெர்மன் புல். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இந்தப் புல் சாதாரணப் புல் இல்லை!

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் 1924ல் பிறந்தவர் ஹெர்மன். சின்ன வயதிலேயே தாயை இழந்து, சில காலம் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். ஒல்லியான உடம்பு. கையில் காசு கிடையாது. மலைக்குப் போக சைக்கிள்தான் வாகனம். 1952ல் பிட்ஸ் படீலே என்ற மலைக்குச் சைக்கிளில் போய், அதன் செங்குத்தான முகத்தில் தனியாக ஏறி இறங்கி, சைக்கிளிலேயே ஊர் திரும்பினார். வரும் வழியில் களைப்பில் தூங்கிப்போய் சைக்கிளோடு ஆற்றில் விழுந்தது தனிக்கதை. குளிருக்குக் கை பழக வேண்டும் என்று வெறுங்கையில் பனிக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். பாவம், அவரைச் சோதித்தது குளிர் மட்டும் இல்லை.

அவர் போன மலை நங்க பர்பத். உயரம் 8,126 மீட்டர். உலகில் ஒன்பதாவது. பாகிஸ்தானின் கில்கித் பகுதியில் சிந்து நதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1953க்கு முன்னால் இந்த மலையின் கணக்கைப் பார்த்தால் பயமாக இருக்கும். 1895ல் 3 பேர், 1934ல் 10 பேர், 1937ல் ஒரே பனிச்சரிவில் 16 பேர், 1950ல் 2 பேர். மொத்தம் 31 உயிர்கள். செலவுப் பக்கம் 31, வரவுப் பக்கம் பூஜ்யம். ஒருவர்கூட உச்சியைத் தொடவில்லை.

1953ல் ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் சேர்ந்த குழு ஒன்று போனது. தலைவர் கார்ல் ஹெர்லிக்கோஃபர். 1934ல் இதே மலையில் இறந்த வில்லி மெர்க்லுக்கு, பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான தம்பி. ஜூன் கடைசியில் மழைக்காலம் நெருங்குகிறது, எல்லோரும் கீழே இறங்குங்கள் என்று அடிவார முகாமிலிருந்து உத்தரவு வந்தது. மேலே இருந்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மேகம்கூட இல்லை. இறங்க மறுத்துவிட்டார்கள்.

ஹூன்சா பகுதிச் சுமைதூக்கிகளின் உதவியோடு ஏறக்குறைய 6,900 மீட்டரில் கடைசிக் கூடாரம் போடப்பட்டது. "தனியாக ஏறினார்" என்று எழுதும்போது இவர்களை மறந்துவிடக் கூடாது. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். தூரமும் கிலோமீட்டர் கணக்கில். ஒரே நாளில் முடிகிற காரியமா? வழக்கமாக இடையில் இன்னொரு முகாமாவது வேண்டும். இல்லை.

ஜூலை 3, அதிகாலை இரண்டரை மணி. ஹெர்மன் கிளம்பினார். கூட இருந்த ஓட்டோ கெம்ப்டர் தாமதமாகக் கிளம்பி, பின்னால் வந்து, முடியாமல் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு ஹெர்மன் தனி.

சூரியன் ஏற ஏறத்தான் பிரச்சினை ஆரம்பித்தது. பனியில் எப்படி வெயில் சுடும் என்று கேட்கலாம். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும். தலைக்கு மேலும் வெயில், காலுக்குக் கீழிருந்தும் வெயில். மேலே போகப்போகக் காற்று மெலிவதால் வெயிலை வடிகட்டவும் ஆள் இல்லை. காற்று அசையாத நாளில் பனிவெளி ஒரு வாணலி மாதிரி ஆகிவிடும். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த உயரத்தில் நாய் மாதிரி மூச்சு வாங்கும். காற்றோ எலும்பு மாதிரி காய்ந்தது. ஒவ்வொரு மூச்சிலும் உடம்பின் தண்ணீர் வெளியே போகும். சுற்றிலும் கோடிக்கணக்கான டன் பனி. குடிக்க ஒரு சொட்டு இல்லை. உருக்க அடுப்பு வேண்டுமே!

வெள்ளிச் சேணம் என்று பெயரிட்ட கணவாயைத் தாண்டியதும் நீண்ட சமவெளி. அந்த வெயிலில் நடக்க நடக்க முதுகில் இருந்த பை பாறாங்கல்லாகக் கனத்தது. ஓர் இடத்தில் ஹெர்மன் பையைக் கழற்றி வைத்துவிட்டார். கொடிகள், கேமரா, கொஞ்சம் கோக்கா இலைத் தேநீர், மாத்திரை, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். சாப்பாடு பைக்குள். தடித்த கம்பளிச் சட்டையும் பைக்குள். வேகாத வெயிலில் கம்பளி எதற்கு? அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மதியத்துக்குப் பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை. பெர்விடின் என்ற ஊக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் வீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. கடைசிப் பகுதியைத் தவழ்ந்தே கடந்தார். மாலை 7 மணிக்கு உச்சி! ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை, துணைக்கு ஆள் இல்லை. பாகிஸ்தான் கொடியைத் தன் பனிக்கோடரியில் கட்டி அங்கேயே நட்டார். எவரெஸ்ட் ஏறி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

உச்சியைத் தொடுவது பாதிக் கதைதான். இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு காலின் பனிமுள் பட்டை கழன்றுவிட்டது. கோடரி உச்சியில். கையில் இரண்டு பனிச்சறுக்குக் கம்புகள் மட்டும். இருட்டிவிட்டது. உட்காரக்கூட இடமில்லாத ஒரு பாறை விளிம்பில், ஏறக்குறைய 8000 மீட்டரில், விடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். பகலெல்லாம் வெயிலில் காய்ந்தவர், இப்போது கம்பளிச் சட்டை இல்லாமல் நடுங்கினார். சட்டை எங்கோ கீழே பைக்குள் பத்திரமாக இருந்தது.

எப்படிப் பிழைத்தார்? அன்று இரவு காற்று வீசவில்லை. கொஞ்சம் காற்று அடித்திருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். யோசித்துப் பார்த்தால் இதுதான் விசித்திரம். பகலில் அவரை வறுத்தெடுத்த மேகமில்லாத, காற்றில்லாத அதே வானிலைதான் இரவில் அவர் உயிரைக் காப்பாற்றியது. ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் இன்னொன்றும் கிடைத்திருக்காது.

மறுநாள் மறுபடியும் வெயில். தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் யாரோ கூடவே நடந்து வருவதாக ஒரு நினைப்பு. கையுறை தொலைந்தபோது அந்த இல்லாத மனிதரிடமே அதைப் பற்றிக் கேட்டாராம்! பையைக் கண்டுபிடித்தார், ஆனால் விழுங்க முடியவில்லை. பனியோடு குளுக்கோஸ் மாத்திரையைக் கலந்து தின்றார். தாகம் இன்னும் அதிகமானதுதான் மிச்சம். ஜூலை 4, மாலை 7 மணிக்குக் கூடாரத்தை நெருங்கினார். கிளம்பி 41 மணி நேரம் ஆகியிருந்தது. காத்திருந்த ஹான்ஸ் எர்ட்ல் அப்போது எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. 28 வயது இளைஞரின் முகம் அதில் எழுபது வயதுக் கிழவரின் முகம் போல இருக்கும். பனிக்கடியில் இரண்டு கால்விரல்கள் போயின.

8000 மீட்டரைத் தாண்டிய 14 சிகரங்களில் முதல் ஏற்றத்தை ஒரே ஆள் தனியாக முடித்தது இது ஒன்றுதான். ஆனால் ஊர் திரும்பிய பிறகு மாலை மரியாதை மட்டும் இல்லை, சண்டையும் வழக்கும் வந்தன. உத்தரவை மீறியது சரியா, கதையை எழுதும் உரிமை யாருக்கு என்றெல்லாம் குழுத் தலைவரோடு தகராறு. மலை விட்டாலும் மனிதர்கள் விடவில்லை.

1957 ஜூனில் பிராட் பீக் சிகரத்தை முதன்முதலாக ஏறிய நால்வரில் ஹெர்மனும் ஒருவர். அதே மாதம் 27ம் தேதி சோகோலிசா மலையில், பனிமூட்டத்தில் பாதை தவறி, பனி விளிம்பு உடைந்து விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. வயது 32.

அவரை வாட்டியது வெயில். கொண்டுபோனது மேகம்.

நங்க பர்பத்தின் உச்சியில் விட்டுவந்த கோடரி மட்டும் அங்கேயே காத்திருந்தது. 1999ல் ஜப்பானிய மலையேறி ஒருவர் அதைக் கண்டெடுத்தார். 46 ஆண்டுகள் கழித்து அது ஹெர்மனின் மனைவி கைக்கு வந்து சேர்ந்தது.